கடற்காற்றுக்கு ஒரு சோக் பெட்டி

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் பத்து நாள் திருவிழா. இரவில் சுவாமி வீதி உலா வரும் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி நான்கும் வெளிச்சமாக இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் இந்த வேலையை நெடுங்காலம் பார்த்தவை 250 வாட், 400 வாட் சோடியம் விளக்குகளும், வெள்ளையாக எரியும் மெட்டல் ஹாலைடு போகஸ் லைட்டுகளும்தான். விளக்கை ஊரே பார்க்கும். விளக்குப் போட்டவரின் கவலையெல்லாம் சவுக்குக் கம்பில் கட்டிவைத்திருக்கும் தகரப் பெட்டியைப் பற்றித்தான். சோக், இக்னைட்டர், கண்டென்சர் என்று அதற்குள் மூன்றே சாமான்கள். கடையில் பெட்டி ரெடிமேடாகக் கிடைக்கும். ஆனாலும் பட்டறையில் தகரம் மடித்துத் தாங்களே செய்துகொள்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும், கடலூர் மாவட்டம் மாதிரி உப்புக்காற்று வீசும் இடத்தில் அது ஏன் இரட்டிப்புச் சிரமம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சோக் எதற்கு என்று பார்த்துவிடலாம். பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் தடை கூடும். மின்னோட்டம் தானாகவே ஓர் அளவில் நின்றுவிடும். சோடியம், மெர்குரி, மெட்டல் ஹாலைடு விளக்குகளில் இழையே கிடையாது. வாயுவுக்குள் பாயும் மின்வில்தான் எரிகிறது. மின்னோட்டம் கூடினால் வாயு இன்னும் அயனியாகும், தடை குறையும், அதனால் மின்னோட்டம் மேலும் கூடும். நேராக 230 வோல்ட்டில் மாட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் பியூஸ் போகும், இல்லாவிட்டால் விளக்கு வெடிக்கும். ஓடத் தொடங்கிய தேரை வடம் பிடிப்பவர்களால் நிறுத்த முடியாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் வேண்டும். சோக் செய்வது அந்த வேலை. சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கி, செப்புக் கம்பி சுற்றி, தகடுகளுக்கு நடுவே மெல்லிய காற்று இடைவெளி விட்டுச் செய்த சுருள் அது. 250 வாட் சோடியம் விளக்கு எரியும்போது அதன் முனைகளுக்கிடையே ஏறத்தாழ 100 வோல்ட்தான் இருக்கும். ஓடுவது 3 ஆம்பியர். மீதியைச் சோக் தாங்கிக்கொள்கிறது.

அதே 250 வாட்டில் மெர்குரி விளக்கு எடுப்பது 2.15 ஆம்பியர். ஆகவே ‘வாட் ஒன்றுதானே’ என்று மெர்குரி சோக்கைச் சோடியத்துக்குப் போட்டால் விளக்கு மங்கலாக எரியும். மாற்றிப் போட்டால் மெர்குரி பல்பின் ஆயுள் போய்விடும். எந்த விளக்கு, எத்தனை ஆம்பியர் என்பது சோக்கின் மேல் அச்சடித்த சீட்டிலேயே இருக்கும்.

சோடியம் விளக்கைப் பற்றவைப்பது இக்னைட்டர். கிட்டத்தட்ட 4,000 வோல்ட் துடிப்புகளை அடித்து உள்ளே உள்ள செனான் வாயுவை உடைக்கிறது. மெர்குரி விளக்குக்கு இது வேண்டாம். பற்றவைக்க அதற்குள்ளேயே சிறிய துணை மின்முனை உண்டு. மூன்றாவது சாமானான கண்டென்சர், விளக்கு எரிவதற்காக வைத்ததே இல்லை. சோக் மட்டும் இருந்தால் 250 வாட் விளக்கு லைனிலிருந்து 3 ஆம்பியர் இழுக்கும். 33 மைக்ரோபாரட் கண்டென்சரை இணைத்தால் அது 1.4 ஆம்பியருக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஜெனரேட்டரில் இருபது விளக்கு எரிப்பவருக்கு இதன் அருமை தெரியும். வேடிக்கை என்னவென்றால், கண்டென்சர் செத்தாலும் விளக்கு வழக்கம்போல எரியும். ஒயர் சூடாவதைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இனி பெட்டிக்கு வருவோம். 250 வாட் சோக் தன் பங்குக்கு 25 வாட் அளவுக்குச் சூடாகவே வீணடிக்கிறது. மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சுவரின் பரப்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. 20 செ.மீ. நீளம், 12 அகலம், 10 உயரம் உள்ள குட்டிப் பெட்டியின் மொத்தப் பரப்பு 0.11 சதுர மீட்டர். தோராயமாகக் கணக்கிட்டால் உள்ளே சூடு வெளியைவிட 35, 40 டிகிரி கூடும். அதையே 30க்கு 20க்கு 15 என்று செய்தால் பரப்பு 0.27 சதுர மீட்டர். ஏற்றம் 15, 20 டிகிரியோடு நிற்கும். நல்ல சோக்கின் சீட்டில் ‘டிடபிள்யூ 130’, ‘டெல்டா டி 70’ என்று இருக்கும். சுற்றுச் சுருள் 130 டிகிரி வரை பல ஆண்டுகள் தாங்கும், சுற்றியுள்ள காற்றைவிட 70 டிகிரி அதிகமாகச் சூடாகும் என்று பொருள். எழுபதைக் கழித்தால் பெட்டிக்குள் இருக்கும் காற்று 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதப் பின்மாலையில் வெளியே 35 என்றால் குட்டிப் பெட்டி அப்போதே எல்லையைத் தாண்டிவிட்டது; பெரிய பெட்டி தாங்கும். இன்ஸுலேஷனுக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது மின்பொறியாளர்கள் கைவசம் வைத்திருக்கும் பழைய கணக்கு. தகரத்தில் மிச்சம் பிடிப்பவர் சோக்கில் இழக்கிறார்.

சூடு வெளியேறத்தான் வேண்டும் என்றால் நாலு பக்கமும் ஓட்டை போட்டுவிடலாமே? சிதம்பரம் வீதிகளில் போடலாம். கடல் அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. மேல் மூடி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரில் மேலேயும் கீழேயும் கீழ்நோக்கி மடித்த ஜன்னல் வரிசை வேண்டும். உள்பக்கம் எஃகு வலை ஒட்டிவிட்டால் பல்லி, குளவி வராது. கீழே நுழையும் காற்று சூடேறி மேலே வெளியேறும். மழையும் உள்ளே சாயாது. ஆனால் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் ஓரத்தில் அதே பெட்டியை வைத்தால் உப்புத் தூள் உள்ளே படிந்து, இரவுப் பனியில் நனைந்து, டெர்மினல்களுக்கு நடுவே மின்சாரம் கசிய வழி போட்டுவிடும். 4,000 வோல்ட் போகும் இடத்தில் இது விளையாட்டில்லை. அங்கே மூடிய பெட்டிதான் சரி. ஜன்னலுக்குப் பதில் பரப்பைக் கூட்ட வேண்டும்.

மூடிய பெட்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெட்டி மூச்சுவிடும். மாலையில் விளக்கைப் போட்டதும் உள்ளே உள்ள காற்று விரிந்து கேஸ்கெட் இடுக்கு வழியே வெளியேறும். விடியற்காலை அணைத்ததும் சுருங்கி, ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் குளிர்ந்த தகரத்தில் வேர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் தேங்கும். பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள்: மேல் மூடி பளிச்சென்று இருக்கும், அடித்தகடு இற்று உதிரும். அடியில் 5, 6 மில்லிமீட்டரில் ஒரேயொரு வடிகால் ஓட்டை போட்டிருந்தால் பாதிப் பெட்டிகள் பிழைத்திருக்கும். ‘தண்ணீர் புகாத பெட்டி’ என்ற பெருமைக்காக அந்த ஓட்டையையும் எம்-சீல் வைத்து அடைப்பவர்களுக்கு என்ன சொல்வது!

தகட்டைப் பற்றிக் கொஞ்சம். ஜி.ஐ. ஷீட்டில் துத்தநாகப் பூச்சுதான் காவல். வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் அது போய்விடுகிறது, துரு அங்கேதான் தொடங்கும். நேராக ரெட் ஆக்சைடு அடித்தால் ஜி.ஐ. மேல் பிடிக்காமல் உரிந்துவிடும். அதற்கென்று உள்ள எட்ச் பிரைமர் அடித்து அப்புறம் பெயின்ட். பெயின்ட்டால் இன்னொரு லாபம்: பளபளக்கும் வெறும் அலுமினியமோ ஜி.ஐ.யோ சூட்டைக் கதிராக வெளிவிடுவது குறைவு, பெயின்ட் அடித்த பரப்பு நன்றாக விடும். வெள்ளை அடித்தால் பகல் வெயிலையும் தள்ளும். அலுமினியப் பெட்டிக்கு இரும்பு ஸ்குரூ போட்டால் உப்புக்காற்றில் இரண்டில் ஒன்று அரிக்கும். எஸ்.எஸ். ஸ்குரூவும் நைலான் வாஷரும் கூடுதல் செலவுதான். ஆனால் மூடியைத் திறக்க உளி தேவைப்படாது.

மரப்பெட்டியும் பிளைவுட்டும் கூடவே கூடாது. சாதாரண பி.வி.சி. பெட்டி 75, 80 டிகிரியிலேயே இளகும். பைபர் பெட்டி துருப்பிடிக்காது, ஆனால் சூட்டை விடாது. அதற்குள் அலுமினியத் தகடு ஒன்றை வைத்து அதன் மேல் சோக்கை முடுக்க வேண்டும். உலோகப் பெட்டியில் சோக் நேராகச் சுவரோடு ஒட்டி இருக்கட்டும். சூடு மேலே போகும் என்பதால் சோக் மேலே, கண்டென்சர் கீழே, முடிந்தவரை தள்ளி. கண்டென்சரின் உடல் 85 டிகிரிக்கு மேல் தாங்காது.

ஒயரிங்கில் இரண்டு விஷயத்தில் ஆட்கள் தவறுகிறார்கள். தொடரில் மாட்டும் மூன்று ஒயர் இக்னைட்டரை விளக்கிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்தால் துடிப்பு கேபிளிலேயே கரைந்துவிடும். ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்டி கீழேயும் விளக்கு உச்சியிலும் என்றால் நீள கேபிளுக்கான இக்னைட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது கண்டென்சர். லைனை அணைத்த பிறகும் அது மின்னேற்றத்தோடு இருக்கலாம். முனைகளுக்குக் குறுக்கே டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இல்லாத கண்டென்சரைத் தொட்டு ஏணியிலிருந்து விழுந்தால், காயம் மின்சாரத்தால் வந்ததாக இருக்காது; தரையால் வந்ததாக இருக்கும். உலோகப் பெட்டிக்கும் மூடிக்கும் தனித்தனியாக எர்த்து கொடுங்கள். இணைப்பை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனே செய்யட்டும்.

சோடியம் விளக்கு எரிந்து, அணைந்து, சில நிமிடங்களில் மறுபடி எரிந்து கண்ணாமூச்சி காட்டினால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள். வயதான பல்பின் வோல்ட் தேவை ஏறி, சோக்கால் அதை நிறுத்திவைக்க முடியாமல் போகிறது. பல்பை மாற்றுங்கள். அப்படியே விட்டால் இக்னைட்டர் இரவெல்லாம் அடித்து அடித்து சோக்கின் இன்ஸுலேஷனைத் தின்றுவிடும்.

2015இல் மத்திய அரசின் தேசியத் தெருவிளக்குத் திட்டம் வந்தது, நாடெங்கும் எல்.இ.டி. பரவியது. சோடியத்தின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்.இ.டி. டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைடிக் கண்டென்சரும் பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி என்ற அதே கணக்கில்தான் சாகிறது; இரும்புச் சோக்கைவிட வேகமாகவே. மேலே சொன்ன பரப்புக் கணக்கும் வடிகால் ஓட்டையும் அந்தப் பெட்டிக்கும் பொருந்தும்.

பழைய சோடியம் பெட்டியையே எல்.இ.டி. பல்புக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் முதலில் இக்னைட்டரைக் கழற்றிவிட வேண்டும். அதன் 4,000 வோல்ட் துடிப்பு புது பல்பை முதல் நாளே கொன்றுவிடும். பல்பின் அட்டையில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய சோக்கையும் கண்டென்சரையும் கழற்றி, லைனை நேராகக் கொடுக்க வேண்டும். கழற்றிய சோக்கின் செம்புக்கு பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைக்கும். சோடியம் பல்பில் பாதரசம் உண்டு, அதைக் குப்பையில் போட்டு உடைக்காதீர்கள்.