கிருட்டிணகிரி மாங்கூழ்த் தொழில்

கிருட்டிணகிரி மாங்கூழ்த் தொழில் என்பது தமிழ்நாட்டின் கிருட்டிணகிரி மாவட்டத்தில் விளையும் மாம்பழங்களைக் கூழாக்கிப் பதப்படுத்தி உள்நாட்டுப் பானத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பும் வேளாண் பதனிடும் தொழில் ஆகும். இந்தியாவில் மாங்கூழ் ஆலைகள் செறிந்துள்ள இரு பகுதிகளில் இது ஒன்று. மற்றொன்று அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர்ப் பகுதி ஆகும். வேளாண் விளைபொருளைச் சார்ந்த தொழில்கள் ஊரக மக்களுக்கு எவ்வளவு நன்மை தரும், அந்நன்மை எங்கே தடைபடும் என்பதை விளக்க இத்தொழில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

வேளாண் பதனிடும் தொழில்

பயிர், கால்நடை, மீன், காடு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் பொருட்களை வேறு வடிவத்திற்கு மாற்றியோ கெடாமல் காத்தோ விற்கும் தொழில்கள் வேளாண் பதனிடும் தொழில்கள் எனப்படுகின்றன. இடுபொருள் விற்பனை, விளைச்சல், கொள்முதல், பதனிடுதல், விற்பனை ஆகிய அனைத்தையும் சேர்த்துக் குறிக்க வேளாண் வணிகம் என்ற சொல் பயன்படுகிறது.

குறைந்த வருமானமுள்ள நாடுகளில் இத்தொழில்கள் மூன்று காரணங்களுக்காக ஊக்குவிக்கப்படுகின்றன. அறுவடைக்குப் பின் வீணாகும் விளைச்சலைக் குறைத்தல் முதலாவது; ஊர்ப்புறத்தில் வேலைவாய்ப்பை உருவாக்குதல் இரண்டாவது; மூலப்பொருளாக வெளியேறும் பொருளுக்கு உள்ளூரிலேயே மதிப்புக் கூட்டுதல் மூன்றாவது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் தொழில் வளர்ச்சி அமைப்பும் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியமும் இணைந்து, 2008 ஏப்ரலில் உலக வேளாண் தொழில் மன்றத்தைப் புது தில்லியில் நடத்தின. இந்தியாவில் உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கென 1988 இல் தனி அமைச்சகம் ஏற்படுத்தப்பட்டது.

இடவமைப்பு

கிருட்டிணகிரி மாவட்டம் 2004 பெப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கருநாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களின் எல்லைகள் இதனைத் தொட்டுள்ளன. மாவட்டத்தின் மேற்கிலுள்ள ஓசூர், சிப்காட் தொழிற்பேட்டையால் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் பெரும்பாலும் வேளாண்மையை நம்பியவை. மாங்கூழ் ஆலைகள் பலவும் கிருட்டிணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் சுற்றுப்புறங்களில் அமைந்துள்ளன.

மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஊத்தங்கரை வட்டத்தில், கிருட்டிணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சிங்காரப்பேட்டை உள்ளது. சவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டிய இவ்வூர், பாராமகால் எனப்பட்ட மேட்டுநிலத்திலிருந்து செங்கம் கணவாய் வழியாகக் கிழக்குச் சமவெளிக்கு இறங்கும் பழைய வழியில் அமைந்தது. இவ்வூரைப் போன்று ஆலைகளுக்குத் தொலைவிலுள்ள ஊர்களின் உழவர்களுக்கு, பறிகூலியுடன் சுமையுந்து வாடகையும் பழத்தின் விலையிலிருந்தே போகிறது. எனவே ஆலை வாசலில் விலை சற்றுக் குறைந்தாலும் அதன் தாக்கம் இங்கு முதலில் தெரியும்.

மூலப்பொருள்

மாவட்டத்தில் 30,000 எக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தில் மா பயிரிடப்படுகிறது. பெரும் பகுதி மானாவாரி நிலம் ஆகும். அல்போன்சா, செந்தூரா, நீலம், பங்கனப்பள்ளி, மல்கோவா, இமாம் பசந்த் முதலிய வகைகள் விளைந்தாலும், கூழ் ஆலைகளின் முதன்மையான மூலப்பொருள் பெங்களூரா ஆகும். கிளியின் அலகைப் போல நுனி வளைந்திருப்பதால் இது கிளிமூக்கு மாங்காய் என்றும், வட மாநிலங்களில் தோத்தாபுரி என்றும் அழைக்கப்படுகிறது. இது கூழுக்கு ஏற்றதாகக் கருதப்படுவதற்கான காரணங்கள்:

• மற்ற பல வகைகளைவிட ஒழுங்காகக் காய்க்கும், விளைச்சலும் மிகுதி.
• தோல் தடித்தது. எனவே தொலைவிற்கு ஏற்றிச் சென்றாலும் நசுங்குவது குறைவு.
• சதைப்பற்று மிகுதி, கொட்டை சிறியது.
• விலை குறைவு. மணம் மென்மையானது என்பதால் அல்போன்சாக் கூழுடன் கலந்தும் பயன்படுத்தலாம்.

இதே பண்புகள் உழவருக்கு ஒரு சிக்கலையும் தருகின்றன. காயாக உப்பும் மிளகாய்த் தூளும் தூவி உண்ண விரும்பப்படும் இவ்வகை, பழமாக உண்பதற்கு அல்போன்சா, பங்கனப்பள்ளி போன்றவற்றைப் போல விரும்பப்படுவதில்லை. ஆகவே விளைச்சலின் பெரும் பகுதிக்கு ஆலையைத் தவிர வேறு பெரிய சந்தை இல்லை. ஒட்டுச்செடி நட்டுப் பயன்தரும் அளவிற்குக் காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும்; அதன் பின் மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். நெல்லையோ காய்கறியையோ போல அடுத்த பருவத்தில் பயிரை மாற்றிக்கொள்ள இயலாது.

வரலாறு

ஒட்டு மா வளர்ப்பு இப்பகுதியில் நெடுங்காலமாக உள்ளது. போச்சம்பள்ளி வட்டத்திலுள்ள சந்தூர், மா ஒட்டுச்செடி நாற்றங்கால்களுக்குப் பெயர் பெற்ற ஊராகும். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கிருட்டிணகிரியில் கோடைதோறும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடத்தப்படுவது வழக்கம்.

கூழ்த் தொழிலின் வளர்ச்சி இரு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று உள்நாட்டுப் பானங்கள். மாசா 1976 இலும், அட்டைப் பெட்டியில் அடைக்கப்பட்ட புரூட்டி 1985 இலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. சிலைஸ் 1993 இல் வந்தது. அதே ஆண்டில் மாசா கோக்கக் கோலா நிறுவனத்தின் கைக்கு மாறியது. மற்றொன்று ஏற்றுமதி. 1986 இல் தொடங்கப்பட்ட வேளாண், பதனிட்ட உணவுப் பொருட்கள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் (அபெடா) மாங்கூழ் ஏற்றுமதியையும் ஊக்குவித்து வருகிறது. சவூதி அரேபியா, யேமன், நெதர்லாந்து, ஐக்கிய அரபு அமீரகம், குவைத்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலியன இந்திய மாங்கூழை வாங்கும் நாடுகளுள் அடங்கும்.

செய்முறை

ஆலைகள் முழு அளவில் இயங்குவது ஆண்டில் மூன்று மாதங்கள் அளவே ஆகும். மே மாதத்தில் தொடங்கி சூலை அல்லது ஆகத்து வரை அரவை நடைபெறும். படிநிலைகள் பின்வருமாறு:

1. பழுக்கவைத்தல்: முற்றிய காய்கள் எத்திலீன் வளிமம் செலுத்தப்பட்ட அறைகளில் பழுக்க வைக்கப்படுகின்றன. கால்சியம் கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.
2. கழுவுதலும் தெரிதலும்: அழுகியவையும் பழுக்காதவையும் நீக்கப்படுகின்றன. இவ்வேலையில் பெண் தொழிலாளர்கள் பெருமளவில் ஈடுபடுகின்றனர்.
3. கூழாக்குதல்: கொட்டையும் தோலும் பிரிக்கப்பட்டு, சதை நுண்துளைச் சல்லடை வழியாகச் செலுத்தப்படுகிறது.
4. சூடாக்குதல்: நிறமும் மணமும் கெடக் காரணமான நொதிகளையும் நுண்ணுயிர்களையும் அழிக்கக் கூழ் சூடாக்கப்படுகிறது. செறிவூட்டிய கூழ் தேவையெனில் நீரின் ஒரு பகுதி ஆவியாக்கப்படும்.
5. அடைத்தல்: கூழ் 3.1 கிலோகிராம் தகர டப்பாக்களில் அடைக்கப்படும். அல்லது குளிர்விக்கப்பட்டு, நுண்ணுயிர் நீக்கப்பட்ட பைகளில் நிரப்பப்பட்டு இரும்புப் பீப்பாய்களில் வைக்கப்படும். ஒரு பீப்பாயில் ஏறத்தாழ 215 கிலோகிராம் கூழ் இருக்கும்.

இவ்வாறு அடைக்கப்பட்ட கூழ் ஓராண்டுக்கு மேல் கெடாது. பறித்த சில நாட்களில் அழுகிவிடும் ஒரு பழம், மறு கோடை வரை காத்திருக்கக்கூடிய சரக்காக மாறுவதே இத்தொழிலின் மையம் ஆகும்.

விலைச் சிக்கல்

இக்காத்திருக்கும் ஆற்றல் ஆலைக்குக் கிடைக்கிறது, உழவருக்குக் கிடைப்பதில்லை. முந்தைய ஆண்டின் கூழ் கிடங்கில் விற்காமல் இருந்தால், ஆலை இவ்வாண்டு குறைவாக வாங்கலாம், அல்லது விலை இறங்கும் வரை பொறுக்கலாம். மரத்தில் முற்றிய காய் அவ்வாறு பொறுக்காது. உழவர் பலர் நேரடியாக ஆலைக்கு விற்பதில்லை. பூக்கும் முன்னரோ பிஞ்சு விடும்போதோ தோப்பைக் குத்தகைக்கு விடுவோரும், மண்டி வழியாக விற்போரும் உள்ளனர். ஒவ்வோர் இடைநிலையிலும் தரகும் கழிவும் போக எஞ்சுவதே தோப்பிற்கு வந்து சேரும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கிலோகிராம் பெங்களூராப் பழத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோகிராம் கூழ் கிடைக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பழப் பானம் எனப்படுவதில் குறைந்தது 10 விழுக்காடு பழச்சாறு அல்லது கூழ் இருக்க வேண்டும். இக்குறைந்த அளவில், அரைக் கிலோகிராம் கூழிலிருந்து ஏறத்தாழ 5 லிட்டர் பானம் செய்யலாம். பழம் கிலோ 5 ரூபாய்க்கு விற்றால், ஒரு லிட்டர் பானத்தில் உழவரின் பங்கு 1 ரூபாய். பழத்தின் விலை இருமடங்கானாலும் பானத்தின் அடக்கவிலை லிட்டருக்கு 1 ரூபாயே கூடும். ஆனால் உழவரைப் பொறுத்தவரை 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் இடையிலான வேறுபாடு, காயைப் பறிப்பதா மரத்திலேயே விட்டுவிடுவதா என்பதைத் தீர்மானிக்கும் வேறுபாடு ஆகும். பானத்தில் கூழின் அளவு 10 இலிருந்து 15 விழுக்காடாக உயர்ந்தால், அதே அளவு பானத்திற்குத் தேவையான பழம் ஒன்றரை மடங்காகும். ஆகையால் பானத்தில் கூழ் எவ்வளவு என்ற தரக்கட்டுப்பாட்டு விதி, உழவரின் வருமானத்தைத் தொடும் விதியாகவும் உள்ளது.

2025 ஆம் ஆண்டின் வீழ்ச்சி

2025 இல் தென்னிந்தியாவில் பெங்களூரா விளைச்சல் மிகுந்தது. ஆலைகளில் பழைய கூழ் இருப்பும் இருந்தது. கிருட்டிணகிரியில் விலை கிலோ 5 ரூபாய் அளவிற்கும் அதற்குக் கீழும் இறங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. ஆந்திரப் பிரதேச அரசு கிலோவிற்கு 12 ரூபாய் என அறிவித்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தருமாறு ஏற்பாடு செய்தது. சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா அங்கு வருவதைச் சூன் மாதத்தில் தடை செய்தது. இதற்குக் கருநாடக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. கருநாடக உழவர்களுக்குச் சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற அடிப்படையில் விலைக் குறைவை ஈடுசெய்ய நடுவண் அரசு இசைந்தது. தமிழ்நாட்டு உழவர்களுக்கும் இத்திட்டத்தைச் செயற்படுத்துமாறு தமிழ்நாட்டு முதலமைச்சர் தலைமையமைச்சருக்குக் கடிதம் எழுதினார்.

மூன்று மாநிலங்களின் தோப்புகளும் ஆலைகளும் ஒரே சந்தையைச் சார்ந்தவை என்பதையும், ஆனால் விலைப் பாதுகாப்பு மாநில எல்லைக்குள் நின்றுவிடுகிறது என்பதையும் இந்நிகழ்வு காட்டியது.

கரும்பு, பால் ஆகியவற்றுடன் ஒப்பீடு

இதே வட்டாரத்தில் பதனிடும் தொழிலை நம்பிய வேறு இரு விளைபொருட்களும் உள்ளன. அவற்றின் கொள்முதல் முறை வேறானது.

கரும்பு: 1966 ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின்படி ஆலை தர வேண்டிய குறைந்தபட்ச விலையை நடுவண் அரசு அறிவிக்கிறது. கரும்பு வழங்கிய 14 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்பதும் விதி. நடைமுறையில் பல ஆலைகளில் நிலுவை ஏற்படுவதுண்டு. எனினும் கேட்பதற்குச் சட்டப்படியான ஓர் அளவு உள்ளது. தருமபுரி மாவட்டம் கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளது.

பால்: ஆவின் கூட்டுறவு அமைப்பில் பாலின் கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள் ஆகியவற்றின் அளவுக்கேற்ப அறிவிக்கப்பட்ட விலை தரப்படுகிறது. பாலை ஊற்றும் உழவர் சங்கத்தின் உறுப்பினரும் ஆவார்.

மாவிற்கு இவ்விரண்டும் இல்லை. அறிவிக்கப்பட்ட நிலையான குறைந்தபட்ச விலையும் இல்லை; ஆலையில் உழவருக்குப் பங்கும் பொதுவாக இல்லை. அதே சமயம், அரசு விலையை நிர்ணயித்தால் ஆலைகள் எல்லை தாண்டிக் குறைந்த விலைக்குப் பழம் வாங்கக்கூடும் என்பதும், ஏற்றுமதியில் பிற நாட்டுக் கூழுடன் போட்டியிட வேண்டியுள்ளது என்பதும் ஆலைகளின் தரப்பில் கருதத்தக்கவை.

துணைப்பொருட்கள்

பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தோலாகவும் கொட்டையாகவும் சல்லடைக் கழிவாகவும் எஞ்சுகிறது. இவை குவிந்தால் துர்நாற்றமும் நீர் மாசும் ஏற்படும். தோலிலிருந்து பெக்டினும், கழிவிலிருந்து சாண எரிவளிமம் போன்ற உயிர்வளிமமும் எடுக்கலாம். கொட்டைப் பருப்பிலுள்ள கொழுப்பு, ஐரோப்பிய ஒன்றியம் சாக்கலேட்டில் கோக்கோ வெண்ணெயுடன் சேர்க்க இசைவளித்துள்ள ஆறு தாவரக் கொழுப்புகளுள் ஒன்றாகும். இவற்றிலிருந்து வரும் வருமானம், பழத்திற்கு ஆலை தரக்கூடிய விலையை உயர்த்த உதவும்.

முன்வைக்கப்படும் தீர்வுகள்

• பருவம் தொடங்குமுன் உழவர், ஆலை, அரசு ஆகிய முத்தரப்பும் கூடி விலையை முடிவு செய்தல்.
• உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தாமே பழுக்கவைக்கும் அறைகளையும் சிறு கூழ் ஆலைகளையும் அமைத்தல். வேலையில்லாத மாதங்களில் தக்காளி, கொய்யா முதலியவற்றைப் பதனிட்டால் இயந்திரங்களின் செலவு பகிரப்படும்.
• ஆலைகளின் கூழ் இருப்பு அளவைப் பருவத்திற்கு முன் வெளியிடுதல்.
• பழப் பானங்களில் கூழின் அளவைக் கண்டிப்பாகச் சோதித்தல்.
• தோப்பின் ஒரு பகுதி மரங்களை மேலொட்டு முறையில் உண்பதற்கேற்ற வகைகளாக மாற்றி, ஆலையை மட்டுமே நம்பியிருக்கும் நிலையைக் குறைத்தல்.

ஆலையின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் வேளாண் தொழில் வளர்ச்சியை அளவிட இயலாது என்பதற்குக் கிருட்டிணகிரி சான்றாக உள்ளது. இங்கு ஆலைகளும் சாலைகளும் ஏற்றுமதிச் சந்தையும் ஏற்கெனவே உள்ளன. மிகுதியாக விளைந்த ஆண்டின் இழப்பை யார் எவ்வளவு ஏற்பது என்ற ஏற்பாடே இன்னும் அமையவில்லை.