இரண்டு செங்கல் குறைந்த கோயில்

பர்மா என்று நம் முன்னோர் அழைத்த மியன்மார், புத்த சமயம் வேரூன்றிய நாடு. ஆயினும் பகோடாக்களின் நிழலிலேயே அங்கு வேறொரு வழிபாடும் வாழ்கிறது. அது 'நத்' என்னும் ஆவித் தெய்வங்களின் வழிபாடு. 2018 ஆகஸ்டுத் திங்களில், மாந்தலே நகருக்கு வடக்கே உள்ள தவுங்பியோன் என்ற சிற்றூரில் அவ்விழாவைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

ஊரெங்கும் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் தேங்காயும் பச்சை வாழைச் சீப்புகளும் அடுக்கிய படையல். வட்டமாகக் கட்டிய 21 முழவுகளின் நடுவே அமர்ந்து ஒருவர் கைவிரைவாகக் கொட்ட, நாகசுரம் போன்றதோர் குழல் உடன் முழங்கியது. 'நத் கடோ' எனப்படும் சாமியாடி ஆடத் தொடங்கினார். நத்தின் மனைவி என்பது அச்சொல்லின் பொருள். பெண்ணுடை பூண்ட ஆடவரே அவர்களுள் பலர். மருள் ஏறியதும் மக்கள் அவர் ஆடையில் நோட்டுகளைச் செருகிக் குறி கேட்டனர். மூதாட்டி ஒருத்தி கைகூப்பி ஏதோ வேண்டினாள். அயல்நாடு சென்ற மகன் எப்போது திரும்புவான் என்று அவள் கேட்பதாக, உடன் வந்த மாந்தலேத் தமிழன்பர் நமக்கு உரைத்தார்.

இவ்விழாவின் நாயகர் இரு சகோதரர். இந்தியாவிலிருந்து கடல்வழி வந்து கரையொதுங்கிய இசுலாமியன் ஒருவனுக்கும், போப்பா மலையில் வாழ்ந்த மலருண்ணும் அரக்கிக்கும் பிறந்தவர்கள் என்பது கதை. பகானை 1044 முதல் 1077 வரை ஆண்ட அனோரதா மன்னனிடம் அவர்கள் பணிபுரிந்தனர். பகோடா எழுப்புகையில் ஆளுக்கொரு செங்கல் வைக்க வேண்டுமென்பது அரசாணை. சகோதரர் வைக்கவில்லை, உயிரிழந்தனர். பின்னர் ஆவியாக வந்து அரசனின் படகை நகரவிடாது பற்றிக்கொள்ள, அவன் தவுங்பியோனை அவர்களுக்கே உரிமையாக்கினானாம். அப்பகோடாவின் சுவரில் இரு செங்கல் அளவு வெற்றிடத்தை நமக்குக் காட்டினர். தந்தையின் மரபை மதித்து, விழாவுக்கு வருவோர் பன்றி இறைச்சியைத் தவிர்க்கின்றனர்.

நத் வழிபாட்டை ஒழிக்க முயன்றவனும் அவ்வனோரதாவே என்பர். இயலாமற்போகவே, நத்துகளை 37 என வரையறுத்து, நம் இந்திரனையே 'தஜ்யாமின்' என்ற பெயரில் அவற்றுக்குத் தலைவனாக்கினான். அப்பட்டியலில் இடம்பெற்றோருள் பெரும்பாலோர் கொடிய சாவு கண்டவர்கள். அரசரால் மாண்டவர்களும் பலர். நம் மதுரை வீரனும் காத்தவராயனும் நினைவுக்கு வருகின்றனர் அல்லரோ? அரசன் தண்டித்தவனை ஊர் மக்கள் தெய்வமாக்கிக் கொள்வது அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

1942-இலும், 1962-க்குப் பின்னரும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அதே மண்ணில், கரையொதுங்கிய அயலானின் மக்களை ஆண்டுதோறும் நீராட்டிப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். ஆணைகள் ஒருவனை அயலான் என்று விலக்கலாம். உடன் வாழ்ந்த மக்களின் நெஞ்சோ அவனைத் தன்னவனாகவே வைத்துக்கொள்கிறது. பிறந்த ஊர் விட்டு வாழும் நம்மனோர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.