எண்ணூர் பூஞ்சை: ஒரு வில்லனுக்கு ஸ்பெக் எழுதுறோம்

நம்ம ஆடியோ டிராமாவுக்கு வில்லன் யாருன்னு போன வாரம் கேட்டிருந்தேன். நிறைய பேர் சொன்னது ஒண்ணுதான்: மனுஷனைப் பிடிச்சு ஆட்டிவைக்கிற பூஞ்சை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பார்த்த பாதிப்பு, புரியுது. ஆனா கதை நடக்கிறது காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவுல. அப்போ பூஞ்சையும் இந்த ஊர்ல பிழைக்கிற மாதிரி இருக்கணும். நான் வேலையில சாஃப்ட்வேருக்கு எழுதுற மாதிரியே இதுக்கும் ஒரு ஸ்பெக் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரியிலேயே முட்டிக்கிச்சு. காரணம் நம்ம உடம்புச் சூடு.

உலகத்துல லட்சக்கணக்கான பூஞ்சை வகைகள் இருக்கு. செடி, பூச்சி, தவளைன்னு எல்லாத்தையும் அதுங்க சாப்பிடும். மனுஷனை மட்டும் பெரும்பாலும் விட்டுவெச்சிருக்கு, ஏன்னா 37 டிகிரியில அதுங்களால தாக்குப்பிடிக்க முடியாது. ஆர்ட்டுரோ காசடெவால்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானியும் அவர் கூட வேலை செஞ்சவரும் ஆயிரக்கணக்கான பூஞ்சை மாதிரிகளோட தகவலை அலசினாங்க. 30க்கும் 40க்கும் நடுவுல ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் கூடுதலா சுமார் 6 சதவீத வகைகள் வளர முடியாம விழுந்துடுது. அதாவது நம்ம உடம்பே ஒரு ஃபயர்வால்.

அந்த ஃபயர்வாலைத் தாண்ட பூஞ்சை எங்கேயாவது சூட்டுக்குப் பழகணும். 'கேண்டிடா ஆரிஸ்' அப்படிப் பழகியிருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. 2009ல ஜப்பான்ல ஒரு நோயாளியோட காதுல இருந்து எடுத்து பேர் வெச்ச பூஞ்சை அது. இன்னிக்கு உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தலைவலி. 2021ல டெல்லி பல்கலைக்கழகத்தோட அனுராதா சௌத்ரி குழு இதை அந்தமான் கடற்கரையில, உப்புச் சதுப்பு நிலத்துல கண்டுபிடிச்சாங்க. அங்கே கிடைச்ச ஒரு மாதிரி, சூட்டுல மத்ததை விட மெதுவாத்தான் வளர்ந்துச்சு. காட்டுல இருக்கிற, இன்னும் முழுசா பழகாத உறவுக்காரன் போல.

உப்பு, சேறு, சூடு. இந்த மூணையும் படிச்சதும் எனக்கு எண்ணூர் முகத்துவாரம்தான் ஞாபகம் வந்துச்சு. அனல் மின் நிலையத்தோட சுடு தண்ணி வந்து கலக்கிற இடம். சாம்பல் வேற. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழையோட எண்ணெயும் வந்து படிஞ்சுது. எண்ணெயைத் தின்னுற பூஞ்சையும் நிஜத்துல இருக்கு. டீசல் டேங்க் அடியில தண்ணி தங்கினா அந்த விளிம்புல கொழகொழன்னு வளரும், 'கெரசின் பூஞ்சை'ன்னே அதுக்குப் பேர். ஆக நம்ம வில்லனுக்கு சாப்பாடும் ஜிம்மும் ஒரே இடத்துல ரெடி. (இது கதைக்காக நான் கட்டினது. எண்ணூர்ல இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்ணிடாதீங்க, ப்ளீஸ்.)

அடுத்தது ஆட்டிவைக்கிறது. எறும்பைப் பிடிக்கிற 'ஓஃபியோகார்டிசெப்ஸ்' தெரிஞ்சிருக்கும். எறும்பு கூட்டத்தை விட்டு விலகி, ஒரு இலையோட அடியில நரம்பைக் கடிச்சுக்கிட்டே செத்துப்போகும். அப்புறம் தலையில இருந்து பூஞ்சை முளைக்கும். மூளைக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு ஓட்டுதுன்னுதான் நானும் படிச்சிருந்தேன். 2017ல ஒரு குழு எறும்போட உடம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில படம் எடுத்து, எது பூஞ்சை செல், எது எறும்பு செல்னு பிரிக்க ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தாங்க. பூஞ்சை தசை நார்களைச் சுத்தி வலை மாதிரி பின்னியிருந்துச்சு. மூளைக்குள்ள நுழையவே இல்லை. வெளியில இருந்து ரசாயனம் ஏதாவது அனுப்பலாம், அது வேற விஷயம். ஸ்டியரிங் கைமாறிடுச்சு, டிரைவர் சீட்ல அதே ஆள்தான்.

எனக்கு ஜாம்பியை விட இதுதான் பயமா இருக்கு. கால் நடக்குது, நான் நிறுத்தச் சொல்றேன், நிக்கல.

இங்கே ஒரு விஷயம் சொல்லணும். எங்க பெரியப்பா தண்டையார்பேட்டையில இருக்கார், துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். 2021ல கொரோனாவுக்கு அப்புறம் கருப்புப் பூஞ்சை வந்து ஒரு கண்ணை எடுத்துட்டாங்க. அவர்கிட்ட கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, "ஏன்டா, இது வந்தவன்லாம் உன் கதையில அடுத்தவனைக் கடிப்பானா?"ன்னார். "எனக்கு வந்தப்போ எதிர்வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னார், யார் கேட்டா?"

டாக்டர் சொன்னது சரி. கருப்புப் பூஞ்சை, அதாவது மியூகோர்மைகோசிஸ், ஆள்கிட்ட இருந்து ஆளுக்குத் தொத்தாது. அந்த வித்துகள் மண்ணுலயும் அழுகின காய்கறியிலயும் இருக்கு, நாம தினமும் சுவாசிக்கிறோம். சர்க்கரை கட்டுக்கு மேல போகும்போது ரத்தத்துல அமிலம் ஏறும், கட்டிவெச்சிருக்கிற இரும்புச்சத்து அவிழும், பூஞ்சைக்கு அது விருந்து. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சு சர்க்கரையையும் ஏத்திவிடும். பூஞ்சை ரத்தக் குழாய்க்குள்ள புகுந்து அடைச்சுடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். கறுப்பு அந்தச் சதையோட நிறம், பூஞ்சையோடது இல்லை. 2021 ஜூலைக்குள்ள இந்தியாவுல 45,000 பேருக்கு மேல வந்துச்சு, 4,300 பேருக்கு மேல இறந்தாங்க. தமிழ்நாட்டுல மே மாசமே அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சாங்க. ஆம்ஃபோடெரிசின் மருந்துக்கு ஊர் ஊரா அலைஞ்ச காலம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

அதனால ஸ்பெக்ல ரெண்டு வரியை அடிச்சுட்டேன். கடிக்கிறது கிடையாது. உயிரோட இருக்கிற ஆள்கிட்ட இருந்து யாருக்கும் தொத்தாது. கதையைச் சொல்றதே பூஞ்சை பிடிச்ச ஆள்தான், தலை தெளிவா இருக்கிற ஆள். எதிர்வீட்டுக் கதவு சாத்துற சத்தத்தையும் அவர்தான் கேட்பார்.

அப்போ எப்படிப் பரவும்? எறும்புக்கு இலை மாதிரி, மனுஷனுக்கு ஒரு இடம் வேணும். கட்டட மொட்டை மாடின்னு முதல்ல யோசிச்சேன், அது எல்லாப் படத்துலயும் வருது. திருவொற்றியூர்ல கடலுக்குள்ள நீட்டிப் போட்டிருக்கிற தூண்டில் வளைவுப் பாறைங்க பொருத்தமா இருக்கு. கோடையில கிட்டத்தட்ட நண்பகலுக்கு அப்புறம் கடல்காத்து கிளம்பி ஊருக்குள்ள அடிக்கும். ராத்திரியில காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும், வித்தெல்லாம் வீணாப் போயிடும். ஆக நம்ம பூஞ்சைக்கு நேரம் தெரியணும்: ஆளைக் காலையில பதினோரு மணிக்குள்ள பாறைக்கு நடத்திக் கொண்டுபோயிடணும். அவருக்கு இருக்கிற அவகாசமும் அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடு காசிமேடு ஐஸ் ஃபேக்டரி. சூட்டுக்குப் பழகின பூஞ்சை குளிர்ல என்ன ஆகும்னு அங்கே பார்ப்போம்.