மருந்து தெளிப்பும் மூளை நலமும்

பயிரைப் பூச்சி தாக்கினால் மருந்து தெளிக்கிறோம். அதன் பயன் சில நாட்களிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. தெளித்தவரின் மூளைக்கு நேரும் தீங்கோ பல்லாண்டுகள் கழித்தே வெளிப்படுவதுண்டு. ஆதலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

நரம்புகளிடையே செய்தியைக் கொண்டு செல்லும் பொருள்களுள் ஒன்று அசெட்டைல்கோலின். செய்தி சேர்ந்ததும் அதனைச் சிதைத்து அகற்ற ஒரு நொதி உள்ளது. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் இந்த நொதியை முடக்கியே பூச்சியைக் கொல்கின்றன. மனிதருக்கும் அதே நொதி உண்டு. எச்சில் ஊறுதல், கண்மணி சுருங்குதல், தலைசுற்றல், தசைத் துடிப்பு ஆகியவை உடனே தோன்றும் அடையாளங்களாம். சிறுகச் சிறுகப் பல்லாண்டு உடலில் புகும் நஞ்சு, நினைவாற்றலையும் கவனத்தையும் குறைக்கக்கூடும் என ஆய்வுகள் உணர்த்துகின்றன.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கும் பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாதத்திற்கும் தொடர்பிருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. மூளையில் டோபமைன் சுரக்கும் அணுக்கள் அழிவதால் இந்நோய் உண்டாகிறது. அவற்றுள் பெரும்பகுதி அழிந்த பின்னரே கை நடுக்கம் புலப்படும். பயிர் மருந்துகளைக் கையாண்ட உழவுத் தொழிலாளருக்கு வரும் இந்நோயைப் பிரான்சு நாடு 2012-ஆம் ஆண்டில் தொழில்வழி நோயாக ஏற்றுக்கொண்டது. மருந்து தெளித்தவர் அனைவருக்கும் இந்நோய் வரும் என்பதன்று. வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே பொருள்.

நஞ்சு வாய் வழியாகவே உட்செல்லும் என எண்ணுவது தவறு. தெளிப்பவர் உடலில் அது பெரும்பாலும் தோல் வழியாகவே புகுகிறது. கசியும் தெளிப்பான் முதுகையும் இடுப்பையும் நனைக்கிறது. முகத்தில் கட்டிய துண்டும் நனைந்தால் நஞ்சைத் தோலோடு ஒட்டி வைக்கிறது.

எனவே நாம் செய்ய வேண்டுவன:

1. விளக்குப் பொறி, இனக்கவர்ச்சிப் பொறி முதலியவற்றால் மருந்தின் தேவையையே குறைத்தல்.
2. கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி, காலணி அணிந்து, காற்றடிக்கும் திசையிலேயே தெளித்தல்.
3. கசியும் தெளிப்பானைப் பழுது பார்த்த பின்னரே எடுத்தல்.
4. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, உடைகளைத் தனியே துவைத்தல்.
5. மயக்கம் கண்டால் மருந்துப் புட்டியின் சீட்டுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல்.

பல ஊர்களில் மருந்து தெளிப்பவர் நிலமில்லாக் கூலியாளே. கையுறை வாங்க அவருடைய கூலி இடந்தராது. அதனை நிலவுடைமையாளர் தருவதே முறை. ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைக்க வேண்டும். காலிப் புட்டிகள் கிணற்றங்கரையிலும் குளக்கரையிலும் கிடவாதபடி பார்த்துக்கொள்வதும் அவர்தம் கடமையே. விளைச்சலைப் பெருக்கும் உழைப்பாளியின் அறிவும் நினைவும் முதுமையிலும் குன்றாதிருத்தல் ஊருக்கே செல்வமன்றோ!