கூட்டு விட்டு விலகினால் முதலீடு என்னாகும்?

நாடுகள் சில ஒன்றுகூடித் தமக்குள் சுங்கவரியை நீக்கிக்கொண்டு, வெளியாருக்கு ஒரே வகையான வரியை விதிப்பது சுங்க ஒன்றியம் எனப்படும். அத்தகைய கூட்டிலிருந்து ஒரு நாடு விலகுமாயின், அந்நாட்டை நம்பி ஆலை அமைத்த அயல்நாட்டு நிறுவனங்களின் நிலை யாது? பிரித்தானியாவின் மோட்டார் கார்த் தொழிலைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

பிரித்தானியா 1973ஆம் ஆண்டு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. வெளிநாட்டில் உருவான காருக்கு ஐரோப்பா விதித்த வரி 10 விழுக்காடு. பிரித்தானியாவில் உருவான காருக்கோ வரியே இல்லை. இவ்வேறுபாடே ஜப்பானியரை ஈர்த்த காந்தங்களுள் முதன்மையானது. கப்பல் கட்டும் தொழில் நலிந்துவந்த சண்டர்லாந்து நகரில் நிசான் ஆலை 1986இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. 1992இல் சுவிண்டனில் ஹோண்டாவும், டார்பிசயரில் டொயோட்டாவும் கார்களை உருவாக்கத் தொடங்கின. ஆக, அவை நாடி வந்தது பிரித்தானியச் சந்தையை மட்டுமன்று. அதன் வழியே திறந்த ஐரோப்பியச் சந்தையையும் ஆகும்.

2016 ஜூன் 23இல் நடந்த பொது வாக்கெடுப்பில் 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஜப்பானிய அரசு தன் நிறுவனங்களின் கவலைகளைத் தொகுத்துப் பகிரங்கமாக வெளியிட்டது. அக்கவலைகளுள் மூன்றினை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, வரி. ஆதாயம் குறைவாக உள்ள கார்த் தொழிலில் 10 விழுக்காட்டு வரி இலாபம் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். இரண்டாவது, காலத்தாழ்வு. இவ்வாலைகள் உதிரிப் பாகங்களைக் கிடங்கில் குவிப்பதில்லை. வேண்டிய வேளையில் லாரிகள் கொண்டுவந்து சேர்க்கும். எல்லையில் ஒரு லாரி நின்றால் ஆலையில் வேலை நிற்கும். மூன்றாவது, நிச்சயமின்மை. ஆலை என்பது பல ஆண்டுகளில் பலன் தரும் மரம். நாளைய விதி யாதென அறியாதவன் இன்று முதலிடத் தயங்குவான். 2016க்குப் பின் சில ஆண்டுகள் பிரித்தானியாவில் வணிக முதலீடு தேங்கி நின்றதற்கு இத்தயக்கமும் ஒரு காரணமாகும்.

2019 பிப்ரவரியில் சுவிண்டன் ஆலையை மூடப்போவதாக ஹோண்டா அறிவித்தது. 2021 ஜூலையில் அது மூடப்பட்டது. ஏறத்தாழ 3,500 பேரின் பணியிடங்கள் மறைந்தன. மின்சாரக் கார்களை நோக்கிய உலக மாற்றமே காரணம் என்றும், விலகல் காரணமன்று என்றும் நிறுவனம் கூறிற்று. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய–ஜப்பானிய ஒப்பந்தமும் ஜப்பானிலிருந்து நேரே வரும் கார்களுக்கான வரியைப் படிப்படியாகக் குறைக்க வகை செய்தது. ஆகவே எல்லாப் பழியையும் விலகலின் மீதே சுமத்துதல் நேர்மையாகாது.

பிரித்தானியா 2020 ஜனவரி 31இல் விலகியது. அவ்வாண்டு டிசம்பரில் எட்டிய உடன்படிக்கை வரியைத் தவிர்த்தது. ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தது. காரின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு பிரித்தானியாவிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உருவாகியிருத்தல் வேண்டும். இதுவே பிறப்பிட விதி. மின்சாரக் காரின் மதிப்பில் பெரும்பங்கு மின்கலத்தினுடையது; அதனால் மின்கல ஆலை அருகில் இருப்பது இன்றியமையாததாயிற்று. 2021இல் நிசானும் அதன் கூட்டு நிறுவனமும் சண்டர்லாந்தில் 100 கோடி பவுண்டுத் திட்டத்தை அறிவித்தன. இந்தியாவின் டாட்டா குழுமமும் 2023இல் சாமர்செட்டில் மின்கல ஆலை அமைக்க முன்வந்தது. எனினும் 2016இல் 17 லட்சத்தைத் தாண்டியிருந்த பிரித்தானியக் கார் உற்பத்தி, பெருந்தொற்றும் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாடும் சேர்ந்து தாக்க, 2022இல் 7.75 லட்சமாகச் சுருங்கியது.

நிசானை நம்பி வாழ்ந்த சண்டர்லாந்திலேயே சுமார் 61 விழுக்காட்டினர் விலகலுக்கு வாக்களித்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. அவர்களை அறியாதவர் என இகழ்தல் தகாது. தன்னாட்சி போன்ற பிறவற்றையும் அவர்கள் எடைபோட்டிருப்பர். ஆனால் எந்த உரிமைக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை வாக்களிக்கும் முன் மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைப்பது கற்றோர் கடன். வாக்குறுதி காத்தலே வணிகத்தின் உயிர் என நம் மார்க்கமும் முன்னோரும் போதித்தனர். தனி வணிகருக்கு மட்டுமன்றி, நாடுகளுக்கும் அது பொருந்தும் என்பதை மாணவச் செல்வங்கள் உணர்வார்களாக!