அண்டை நாட்டைப் பாடமாக்குதல்: இலங்கைப் பள்ளிகளை முன்வைத்து

அண்டை நாட்டைப் பற்றிச் சொல்லித்தருவது என்றாலே பரப்பளவு, மக்கள்தொகை, விளைபொருள் என்று பட்டியல் போடுவதாகத்தான் நம் வகுப்பறைகளில் இருக்கிறது. இலங்கை என்றால் இரக்கமும் சேர்ந்துகொள்கிறது. ‘பாவம், அவங்க’ என்று தொடங்கும்போதே பேசுபவர் மேலே, பேசப்படுபவர் கீழே என்கிற அடுக்கு வந்துவிடுகிறது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் செங்கல்பட்டைச் சுற்றிய காலனிகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற நான், இந்த அடுக்கைக் கலைப்பதிலிருந்துதான் தொடங்குகிறேன்.

முதல் கேள்வி பணத்தைப் பற்றித்தான் வரும். ‘அங்க ஸ்கூல் பீஸ் எவ்ளோ சார்?’ கன்னங்கராவின் திட்டத்தால் 1945இலேயே மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை அங்கே கல்வி இலவசம். 1980 முதல் பாடநூலும் இலவசம் என்கிறேன். கட்டாய இலவசக் கல்விக்கு இந்தியா சட்டம் போட்டது 2009இல். இரக்கம் அங்கேயே ஆட்டங்கண்டு போகிறது.

ஆனால் அந்தப் பெருமையையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் இந்த ‘எல்லோருக்கும்’ என்பதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகளை அரசு தன் பொறுப்பில் எடுத்தது 1970களில்தான்.

அடுத்தது தரப்படுத்தல். 1971இல் மருத்துவப் படிப்புக்குத் தமிழ்வழி மாணவர் 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களவழி மாணவருக்கு 229 போதும். ‘அப்ப இது நம்ம இடஒதுக்கீடு மாதிரிதானே சார்?’ இந்தப் பாடத்தின் மிக முக்கியமான கேள்வி இதுதான், மழுப்பக் கூடாது. இடஒதுக்கீடு, காலங்காலமாக விலக்கப்பட்டவர்கள் போராடிப் பெற்ற பங்கு. 1971 ஏற்பாட்டின் அளவுகோலோ மொழி; அரசதிகாரத்தைக் கையில் வைத்திருந்த பெரும்பான்மை தனக்காக வகுத்துக்கொண்டது. கொழும்பின் வசதியான சிங்கள மாணவருக்குச் சலுகை, மன்னாரின் ஏழைத் தமிழ் மாணவருக்குத் தண்டனை. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு சங்கதி. அதில் யாழ்ப்பாணம் இழந்தது. பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளுக்குச் சில இடங்கள் கிடைத்தன. ‘தமிழர்’ என்கிற ஒற்றை அடையாளம் இதை விளக்கப் போதாது.

1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதைச் சொல்கிற அதே மூச்சில் இன்னொரு தீயையும் சொல்லணும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சமஆசனம் கொடுத்த, அதாவது மற்றவர்களோடு சரிசமமாக உட்காரவைத்த, யாழ்ப்பாணப் பள்ளிகளுக்குத் தமிழர்களே தீ வைத்தார்கள். காலனிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான். அவர்களுக்கு இது வெளிநாட்டுச் சேதி இல்லை.

அண்டை நாடு கடலுக்கு அப்பால் மட்டுமா இருக்கிறது? 1990களில் செங்கல்பட்டிலேயே ஈழ அகதிகளைச் சிறப்பு முகாமில் அடைத்து வைத்தார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கும்மிடிப்பூண்டியில் அகதிகள் குடும்பம் குடும்பமாக வாழும் முகாம் இருக்கிறது. இத்தகைய முகாம்களுக்கு 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். 1987 ஜூலைக்குப் பின் இங்கே பிறந்த அகதிப் பிள்ளை, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாலும் பிறப்பால் குடியுரிமை பெற முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1948இல் கொழும்பு செய்ததைப் பாடமாக நடத்துகிற நாம், டெல்லி செய்வதை என்ன சொல்லி நடத்தப் போகிறோம்? பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள்.