வளைந்த காசும் சரிபாதிப் பங்கும்

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணீரூற்றில் விட்டுப்போன காணி அது. மாமா புத்தளத்திலேயே வபாத்தாகிவிட்டார். மீண்டும் ஊருக்கு வந்த அவருடைய இரண்டு ஆண்மக்களும் காணியை அளந்து, பெறுமதி பார்த்து, சரிசமமாக இரண்டு துண்டாக்கிவிட்டார்கள். இழுபறி எந்தத் துண்டு யாருக்கு என்பதில்தான். வாப்பா வெட்டிய கிணறு உள்ள பக்கமே இருவருக்கும் வேணும்.

வவுனியாவில் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். காசு சுண்டிப் பார்ப்பது சூதாகாதா என்ற கேள்விதான் முதலில் வந்தது. சூதில் ஒருவன் பொருள் மற்றவனுக்குப் போகிறது. இங்கே யாருடைய பங்கும் குறையவில்லை. பயணத்துக்கு எந்த மனைவியை அழைத்துச் செல்வதென்று நபி (ஸல்) அவர்கள் சீட்டுக் குலுக்கிய ஹதீஸ் புகாரியில் இருக்கிறதே.

காக்கா சட்டைப்பையிலிருந்து ஒரு 5 ரூபாய்க் குத்தியை எடுத்தார். தம்பி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், இது வளைஞ்சு கிடக்கு, ஒரு பக்கம்தான் கூட விழும்" என்றான்.

வேறு காசு தேடியிருக்கலாம்தான். ஆனால் வளைந்த காசிலும் நீதியாகத் தீர்க்க வழி உண்டு. ஜோன் வொன் நியூமன் என்ற கணித அறிஞர் 1951இல் எழுதியது. நம்முடைய காசில் தலையே கிடையாது. இலச்சினைப் பக்கத்தைத் தலை என்றும் இலக்கப் பக்கத்தைப் பூ என்றும் வைத்துக்கொண்டோம். இரண்டிரண்டு முறையாகச் சுண்ட வேண்டும். தலை-பூ என்றால் கிணறு காக்காவுக்கு, பூ-தலை என்றால் தம்பிக்கு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் அந்தச் சோடியை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

காசு 100க்கு 60 தடவை தலை விழும் என்று வைத்துப் பாருங்கள். 100 சோடிகளில் சராசரியாக 36 தலை-தலை, 16 பூ-பூ. தலை-பூ 24, பூ-தலையும் 24. ஏனென்றால் 0.6ஐ 0.4ஆல் பெருக்கினாலும் 0.4ஐ 0.6ஆல் பெருக்கினாலும் விடை ஒன்றுதான். ஆகவே 'இரண்டும் வேறு வேறாக விழுந்தன' என்று தெரிந்த பிறகு மிஞ்சுவது 48; அதில் ஆளுக்குப் பாதி. நிபந்தனை நிகழ்தகவு என்று பாடப்புத்தகத்தில் வருவது இதுதான். காசு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அறிய வேண்டிய தேவையே இல்லை. முன்னர் விழுந்தது பின்னர் விழுவதைப் பாதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் சோடி தலை-தலை.

"கடைசியா விழுந்த தலையை ஏன் வீணாக்குவான்? வேறு பக்கம் விழும்வரை அப்படியே சுண்டுவோமே" என்றார் காக்கா.

அவர் கள்ளமாகக் கேட்கவில்லை. என் மாணவர்களும் இதையே கேட்பார்கள். ஆனால் அந்தத் தலையை வைத்துக்கொண்டு தொடர்ந்தால், அதற்குப் பிறகு எத்தனை தலை விழுந்தாலும், முதலில் வரும் மாற்றம் தலை-பூவாகத்தான் இருக்கும். கிணறு காக்காவுக்கு என்று அப்போதே முடிந்துவிடும். அதாவது முதல் சுண்டலே எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது. வளைவு மறுபடி உள்ளே வந்துவிடுகிறது. விளங்கப்படுத்தியதும் காக்கா தலையாட்டினார்.

இரண்டாவது சோடியும் தலை-தலை. மூன்றாவது பூ-தலை.

காக்கா காசை எடுத்துப் பையில் போட்டார். "தண்ணி அள்ள விடுவாய்தானே?" என்று தம்பியிடம் கேட்டார்.